தோட்டப் பாடசாலையில் மரவீடு: தரம் 4 வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடந்தது இது. தோட்டத்தின் பல பிரிவுகளிலிருந்து (டிவிசன்களிலிருந்து) பிள்ளைகள் நடந்தே வருகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மா கொழுந்தெடுக்கிறார். அப்பா தோட்டத்திலோ, கொழும்பில் கடை வேலையிலோ கட்டட வேலையிலோ இருக்கிறார். தரம் 4இல் முப்பதுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். வகுப்பாசிரியையும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்தான். ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் நான் அந்த வகுப்புக்கு இடையிடையே போய் வந்தேன். அவருடைய பாடக்குறிப்புகளையும் பிள்ளைகளின் கொப்பிகளையும் அவரது சம்மதத்தோடு பார்த்து இதை எழுதுகிறேன். ஊரும் பெயர்களும் வேண்டுமென்றே தவிர்க்கப்பட்டுள்ளன.

முதலாம் தவணையில் ஒருநாள், வாசிப்பு நேரத்தில் ஒரு படக்கதையில் மரவீடு வந்தது. ஒரு பையன் எழும்பிக் கேட்டான்: “மரம் வளந்தா வீடும் மேல போயிருமா டீச்சர்?” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. போகும் என்றார்கள் பாதிப்பேர். வீடு உடைந்துவிடும் என்றார்கள் மற்றவர்கள். ஆசிரியை பதில் சொல்லவில்லை. கரும்பலகையின் ஒரு மூலையில் கேள்வியை எழுதி, அழிக்க வேண்டாம் என்று கட்டம் போட்டு வைத்தார். சுற்றாடல்சார் செயற்பாடுகள், கணிதம், தமிழ் ஆகிய மூன்றையும் இந்த ஒரு பொருளில் கோத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் அங்குதான் பிறந்தது.

முதல் படங்கள்

எந்த விளக்கமும் கொடுக்காமல், “உங்களுக்குப் பிடித்த மரவீட்டை வரையுங்கள்” என்றார். வந்த படங்கள் ஏறக்குறைய எல்லாம் ஒன்றே. பந்து மாதிரி உருண்டையான ஒரு மரம், சிவப்புக் கூரை, கயிற்றேணி, கிளையில் தொங்கும் டயர் ஊஞ்சல். அப்படி ஒரு மரம் அந்தத் தோட்டத்தில் எங்கும் இல்லை. கைபேசியில் பார்த்த கார்ட்டூனிலிருந்து வந்த வீடு அது. பிள்ளைகளுக்கு வரையத் தெரியாமல் இல்லை; மரவீடு என்பது வேறு யாருடையதோ, அதைச் சரியாகப் பார்த்தெழுத வேண்டும் என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. நீண்டு போகும் ஒரு கிளை. அதன்மேல் வரிசையாக ஆறு கதவுகள். ஆறுக்கும் பொதுவாக ஒரு நீளக் கூரை. லயத்தை அப்படியே தூக்கி மரத்தில் வைத்திருந்தாள் அந்தப் பிள்ளை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏன் இப்படி என்று ஆசிரியை கேட்டபோது, “பக்கத்து வீட்டு அத்தையும் வரணும்ல டீச்சர்” என்றாள்.

இரண்டு விஷயங்களை ஆசிரியை குறித்துக்கொண்டார். படங்களில் இடமும் இல்லை, காரணமும் இல்லை: யார் அங்கே போவார்கள், எதற்காக என்று கேட்டால் பதில் வரவில்லை. ஆறு கதவு வரைந்த பிள்ளையிடம் மட்டும் காரணம் இருந்தது. அதனால் அடுத்த பாடத்தை அவளுடைய படத்தை நடுவில் வைத்தே தொடங்கினார். சிரித்தவர்களைக் கண்டிக்கவில்லை. “இந்த வீட்டுக்கு எத்தனை பேர் வருவாங்க? கிளை தாங்குமா?” என்று எல்லோரையும் கணக்குக்குள் இழுத்தார். எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் பட்டது.

வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது

மரவீட்டு வரலாறு என்று தேடினால் முதலில் கிடைப்பது ரோமும் இங்கிலாந்தும்தான். ஆசிரியை தினைப்புனத்துப் பரணில் தொடங்கினார். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் கிளி ஓட்டப் போகும் இடம் மரத்தின்மேல் கட்டிய இதணம் என்னும் பரண். புலியும் அஞ்சுகிற உயரத்தில் இருப்பது. தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டும் கருவிகளின் பெயர்கள்கூட அதில் உள்ளன. பாட்டை அவர் படிப்பிக்கவில்லை; ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அது அதிகம். காட்சியைச் சொன்னார். வள்ளி தினை காத்த கதையை எல்லோரும் அறிந்திருந்தார்கள். கதிர்காமம் போய் வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் வள்ளி நின்றது ஒரு மரவீட்டில் என்று அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. மரக்கறித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க அப்பாயியின் அண்ணன் கட்டிய பரண். கீழ்நாட்டில் வேலை செய்த மாமா பார்த்த யானைக் காவல் குடில். உலர் வலயத்தில் காடு வெட்டிப் பயிரிடும் சேனை நிலங்களில் சிங்கள விவசாயிகள் மரத்தின்மேல் காவற்குடில் கட்டி, தூக்கமும் பயமும் தெரியாமலிருக்க ‘பெல் கவி’ பாடுவார்கள் என்பதை இதோடு சேர்த்துச் சொன்னார் ஆசிரியை. தமிழ்ப் பரணுக்கும் சிங்களக் குடிலுக்கும் வேலை ஒன்றுதான் என்பதை, கேட்காமலே ஒரு பிள்ளை சொல்லிவிட்டது.

உலகம் அதன் பிறகுதான் வந்தது. ரோமப் பேரரசன் கலிகுலா வெலித்ரே என்னும் ஊரில் பெரிய பிளேன் மரமொன்றின் கிளைகளில் பதினைந்து விருந்தினரையும் பணியாட்களையும் இருத்தி விருந்து வைத்ததை ரோம எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அரசன் அதைத் தன் ‘கூடு’ என்றானாம். கென்யாவின் அபடேர் காட்டில் 1932இல் தொடங்கிய ட்ரீடொப்ஸ் மரவிடுதியில் தங்கியிருந்தபோதுதான் 1952 பெப்ரவரி 6ஆம் திகதி பிரித்தானிய இளவரசி எலிசபெத்தின் தந்தை இறந்து, அவர் அரசியானார். இவற்றைப் பிள்ளைகள் கதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கொரோவாய் மக்களைப் பற்றிய பாடம் வேறு மாதிரிப் போனது. இந்தோனேசியாவின் பப்புவாவில், தாழ்நிலக் காட்டில் வாழ்பவர்கள் அவர்கள். மரத்திலும் கம்பங்களிலும் வீடு கட்டுவது அவர்கள் வழக்கம். ஆனால் மிக உயரத்தில் நிற்பதாக உலகம் பார்த்த படங்களெல்லாம் அன்றாட வீடுகள் அல்ல. 2011இல் ஒளிபரப்பான ஆவணத் தொடரில் காட்டிய உயர்ந்த வீடு படப்பிடிப்புக்காகக் கட்டப்பட்டது என்பதை 2018இல் பிபிசி ஒப்புக்கொண்டது. இதைக் கேட்டதும் ஒரு பையன், “அப்ப அவங்களுக்கே அது வேணாமா?” என்றான். கார்ட்டூன் மரவீட்டைப் பற்றி யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தங்கள் முதல் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தது அன்றுதான்.

மரங்களைப் பார்த்தல்

கட்டம் போட்டு வைத்த கேள்விக்கு விடை ஒரு வேலியில் கிடைத்தது. பாடசாலைக்கு மேலே, தேயிலை மலையின் ஓரமாகப் பழைய முள்கம்பி வேலி. சில இடங்களில் கட்டை நடாமல், நின்ற மரத்திலேயே கம்பியை ஆணியால் அறைந்திருந்தார்கள். மரம் பருத்துக் கம்பியை உள்ளே இழுத்திருந்தது. மேலும் கீழும் பட்டை தடித்துக் கம்பியை மூடிக்கொண்டிருந்தது. விரலை வைத்தால் துருப்பிடித்த நுனி மட்டும் தட்டுப்பட்டது. ஆனால் இரு பக்கக் கட்டைகளிலும் கம்பி எந்த உயரத்தில் இருந்ததோ, மரத்திலும் அதே உயரம். நூல் பிடித்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மரம் உயர்வது நுனிகளில்; தண்டு பக்கவாட்டில் பருக்கிறது. ஆகவே வீடு மேலே போகாது. ஆனால் தண்டோடு இறுக்கிக் கட்டினால், ஒன்றில் கட்டு அறும், இல்லாவிட்டால் பட்டைக்குள் உணவு போகும் வழி நெரிபட்டு மரம் வாடும். கேள்வி கேட்ட பையனே இதை வகுப்புக்கு விளக்கினான்.

எந்த மரம் தாங்கும் என்பதற்கு, பிள்ளையொன்றின் தாத்தாவை அழைத்தார்கள். தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலையிலும் மரம் வெட்டும் வேலையிலும் காலம் கழித்தவர். சவுக்கு என்று தோட்டத்தில் சொல்லும் கிரவில்லியாவின் கிளை காற்றில் சட்டென்று முறியும் என்றார். கருப்பந்தைல மரம் (யூக்கலிப்டஸ்) நேராகத்தான் நிற்கும், ஆனால் நினையாத நேரத்தில் கொம்பை உதிர்க்கும். தண்டைத் தட்டிச் சத்தம் கேட்டார். அடியில் காளான் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவர் சொன்னதைப் பிள்ளைகள் கொப்பியில் அப்படியே எழுதியிருக்கிறார்கள்: “வெயில் நாள்ல பாத்து மரத்த நம்பாதீங்க. ஆடிக் காத்துல வந்து பாருங்க.” இரண்டாம் தவணையில், தென்மேல் பருவக்காற்று அடித்த ஒரு நாளில், மண்டபத்து யன்னலருகே நின்று அதே மரங்களைப் பார்க்க வைத்தார் ஆசிரியை. தண்டு எவ்வளவு ஆடுகிறது, கிளை எவ்வளவு ஆடுகிறது என்று கையை அசைத்துக் காட்டினார்கள். பல பேர் அன்று தங்கள் வீட்டைக் கிளையிலிருந்து இறக்கித் தண்டுக்குப் பக்கத்தில் வரைந்தார்கள்.

அளவும் பாரமும்

லயத்து அறையான காம்பராவைப் பற்றிப் பேசினால் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 10 அடிக்கு 12 அடி. “வீட்டை அளந்து வாருங்கள்” என்று ஆசிரியை சொல்லவில்லை. ஒரே காம்பராவில் ஏழு பேர் இருக்கும் பிள்ளையும், புதிதாகக் கட்டிய தனிவீட்டில் இருக்கும் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். அந்த எண்ணைக் கரும்பலகையில் போட்டால் யாரோ ஒருவர் தலைகுனிய நேரும். பாடசாலைக் களஞ்சிய அறையை அளக்க வைத்தார். இருந்தும் ஒரு பையன் தானாகவே சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டு வீட்டை அளந்து கொண்டுவந்தான். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். முடிச்சுக் கயிற்றைத் தரையில் நீட்டி, சோக்கால் கோடு போட்டு, உள்ளே நின்று பார்த்தார்கள். அதன் பக்கத்தில் தங்கள் மரவீட்டுத் தளத்தையும் கோடு போட்டார்கள். “காம்பராவ விட சின்னதுதான். ஆனா நாலு பக்கமும் சன்னல் வைக்கலாம்” என்றாள் ஒருத்தி. வீட்டை மாற்றிக்கட்டத் தோட்டத்திடம் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் வளரும் பிள்ளைகள் இவர்கள். உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வி கேட்கப்படவேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடத்தை எந்தத் தோட்டப் பாடசாலைக்கும் நான் பரிந்துரைப்பேன்.

மாதிரிகளுக்குக் காசு செலவாகவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, சணல், களிமண், பழைய பால்மா டின். கவர்க் கொம்பொன்றைக் களிமண்ணில் நட்டால் மரம் தயார். நாலு குச்சியில் கட்டிய சட்டம் கையால் தள்ளினால் சரிந்து மடங்கியது. மூலைக்கு மூலை ஒரு குச்சி வைத்துக் கட்டியதும் அசையவில்லை. முக்கோணத்தின் வலு என்று பாடப்புத்தகம் சொல்வதை விரலாலேயே உணர்ந்தார்கள். தளத்தில் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். பூவாளியால் மழை பெய்ய வைத்தார்கள். பிறிஸ்டல் அட்டையால் காற்று வீசினார்கள். கூரைச் சரிவு போதாமல் தண்ணீர் தேங்கிய மாதிரிகளை எறியவில்லை. எங்கே ஒழுகியது என்று எழுதி, அதே மாதிரியைத் திருத்தினார்கள். ஆறு கதவு வீடு முதல் சோதனையிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தக் குழு அதை இரண்டு மரங்களுக்கு இடையில் போட்டது. ஒவ்வொரு மரமும் வெவ்வேறாக ஆடும் என்பதைக் காற்றில் பார்த்திருந்ததால், ஒரு முனையைக் கட்டாமல் வெறுமனே தாங்கவிட்டது. கட்டட வேலைக்காரர் பாலத்துக்குச் செய்யும் காரியம் இது.

கற்பனைக்குக் கேட்ட கேள்வி

“எனது மரவீடு” என்று கட்டுரை எழுதச் சொன்னால் என்ன வரும் என்பது ஆசிரியைக்குத் தெரியும். அதனால் தலைப்பே கொடுக்காமல் மூன்று கேள்விகள் வைத்தார். இரவில் அங்கே முதலில் என்ன சத்தம் கேட்கும்? யாரை மேலே கூப்பிடுவாய், யாரைக் கூப்பிடமாட்டாய்? அங்கிருந்து எதைக் காவல் காப்பாய்?

மூன்றாவது கேள்வி பரண் பாடத்திலிருந்து வந்தது. அதுதான் வகுப்பைத் திறந்துவிட்டது. ஒரு பையன் எழுதினான்: “குளவிக் கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கலைந்தால் மணி அடிப்பேன். மலையில் இருக்கிற அம்மா ஓடிவிடுவார்.” குளவி கொட்டித் தொழிலாளர் வைத்தியசாலைக்குப் போவது தேயிலை மலையில் எந்தப் பிள்ளைக்கும் புதிய செய்தி அல்ல. இன்னொருத்தி மழைநாளில் மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு மரவீடு கேட்டாள். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்கள் புதையுண்டபோது இப்பிள்ளைகள் பிறந்திருக்கவில்லை. ஆனால் வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறார்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்துவரும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று: மண்சரிவுக்கு முன் கவனிக்க வேண்டிய இவற்றை ஆசிரியை அந்தக் கட்டுரையை வைத்தே படிப்பித்தார். பயமுறுத்தாமல், “காவல்காரி எதைப் பார்க்க வேண்டும்?” என்ற பட்டியலாக.

முதல் படங்களில் இல்லாத காரணம் இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்தது.

மரத்தில் ஏறுவதில்லை என்ற முடிவு

மாதிரிகள் முடிந்ததும் உண்மையாகவே கட்ட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தச்சு வேலை தெரிந்த ஒரு தகப்பனும் முன்வந்தார். அதிபரும் ஆசிரியையும் மரத்தில் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். சரிவில் விழுந்தால் விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டு போகும். குளவிக் கூடு பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாத்தாவின் சோதனையில் தேறிய மரம் ஒன்றுகூட வளவில் இல்லை. இந்தக் காரணங்களைப் பெரியவர்கள் சொல்லி முடிக்கவில்லை. பிள்ளைகளின் கொப்பியில் இருந்த குறிப்புகளையே வாசிக்க வைத்து, முடிவை அவர்களையே சொல்ல வைத்தார் ஆசிரியை. சிலர் அழுதார்கள். அது இயல்பு.

மாற்றாக, மைதானத்தின் சமமான மூலையில், பட்டர் புரூட் (அவகாடோ) மரமொன்றின் நிழலில், மரத்தைத் தொடாமல் தனிக் கம்பங்களில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பரண் கட்டுவது என்று தீர்மானித்தார்கள். தண்டு பருக்க இடம் விட்டுப் பலகை வெட்டப்பட்டது. அகலத்தை விட நீளம் அதிகம்: பக்கத்து வீட்டு அத்தைக்கும் இடம் வேண்டும் என்ற வாதம் வாக்கெடுப்பில் வென்றது. இடையில் ஒரு தாய் வந்து, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆசிரியை அவரிடம் மகளின் அளவைக் கணக்குகளைக் காட்டினார்: சுற்றளவு, பரப்பளவு, கிலோக்கணக்கில் பாரம். அவர் முழுவதும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை; ஆனால் மகளைத் தடுக்கவில்லை.

அதன் பின்

தவணை விடுமுறையில் பெற்றோர் சிலர் சேர்ந்து பரணைக் கட்டினார்கள். ஒரு நேரத்தில் ஆறு பேர் என்ற விதியைப் பிள்ளைகளே எழுதித் தொங்கவிட்டார்கள். தரம் 2 பிள்ளைகள் வாசிக்கப் போகும் இடமாக அது மாறியது. வகுப்பில் வாயே திறக்காத இரண்டு பேர் பரணில் இருந்து கதை சொன்னதை நானே பார்த்தேன்.

எல்லாம் நன்றாக முடியவில்லை. ஒரு பையன் வீட்டருகே கொய்யா மரத்தில் பலகையும் படங்கும் கட்டி ஏறி விழுந்து கையைக் கிழித்துக்கொண்டான். அவன் அம்மா கோபத்தோடு வந்தது சரியே. அடுத்த ஆண்டு தரம் 5இல் பரீட்சைப் பயிற்சி எல்லா நேரத்தையும் எடுத்துக்கொண்டது; பாடத்தை யாரும் தொடரவில்லை. மழையில் பலகைகள் ஓர் ஆண்டுக்குள் உளுத்து, இரண்டு உடைந்ததும் அதிபர் பரணைக் கயிறு கட்டி மூடினார்.

மாற்ற வேண்டியவை

முதல் படத்துக்கு முன்பே மரங்களைப் பார்க்கப் போகலாம் என்பது ஆசிரியையின் கருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஒரே மாதிரிப் படங்கள் இருந்ததால்தான் பிள்ளைகள் தங்கள் மாற்றத்தைத் தாங்களே கண்டார்கள். அதை விட்டுவிடக் கூடாது.

ஆனால் சில விஷயங்களில் இருவரும் ஒன்றுபட்டோம். மரத்தில் ஏறிக் கட்டக்கூடாது என்பதையும் ஏன் என்பதையும், பாடம் தொடங்கும் வாரத்திலேயே பெற்றோருக்கு எழுதி அனுப்ப வேண்டும். மரவீடு என்று வீட்டில் பேச்சு எழுந்தால் பிள்ளை முயன்று பார்க்கத்தான் செய்யும். சுத்தியலும் வாளும் பையன்கள் கைக்கே போனதால், கருவிகளை முறைவைத்துக் கொடுக்க வேண்டும். தாத்தாவை அழைத்ததுபோல், மலையில் வேலை செய்யும் பெண் ஒருவரையும் அழைக்க வேண்டும்; குளவியும் காற்றும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பக்கத்துச் சிங்களப் பாடசாலையோடு சேர்ந்து சேனைக் காவல் பாட்டைக் கேட்க ஒரு நாள் ஒதுக்கலாம்.

பலகை விஷயத்தில் தச்சுத் தகப்பன் சொன்னதே முடிவானது: கம்பத்தின் அடி மண்ணில் படாமல் கொங்கிரீட் கட்டையில் நிற்க வேண்டும், பலகைகளுக்கு இடையில் தண்ணீர் வடிய விரல்கடை இடைவெளி விட வேண்டும், கழிவெண்ணெய் பூசி, மழைக்கு முன் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இப்போதைய தரம் 4 பிள்ளைகள் உளுத்த பலகைகளைக் கழற்றி, எது எங்கே உளுத்தது என்று அளந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். புதிய தளத்தை அந்தக் குறிப்பை வைத்துத்தான் கட்டப் போகிறார்கள்.